ரோபோ புல்வெட்டி: பாதி வேலை வயரில்தான்

முழங்கால் உயரம் வளர்ந்த புல்லை ரோபோ புல்வெட்டியிடம் ஒப்படைத்தால் பத்தடி போவதற்குள் திணறி நின்றுவிடும். அதன் வேலை முறையே வேறு. அடிக்கடி வெளியே வந்து புல்லின் நுனியில் சில மில்லிமீட்டரை மட்டும் சீவிவிட்டுப் போய் சார்ஜில் நிற்கும். வளர்ந்ததை வெட்ட வேண்டும் என்று வாங்குகிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். வளரவே விடாமல் ஒரே உயரத்தில் வைத்திருக்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல கருவி வீட்டுப் புல்வெளிக்கு இல்லை. இங்கே முக்கியமாகப் பார்ப்பது, புல்வெளியைச் சுற்றிப் போடும் எல்லை வயரை வைத்து ஓடும் நடுத்தர ரகம். வயர் இல்லாத ரகத்தைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

இயந்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் இதன் சூட்சுமம் விளங்கும். சுழலும் வட்டத் தட்டின் ஓரத்தில் பெரும்பாலும் மூன்று பிளேடுகள், ஒவ்வொன்றும் சவர பிளேடு அளவுதான், ஒற்றை ஸ்க்ரூவில் தளர்வாகத் தொங்கும். தட்டு சுழலும்போது அவை விறைத்து வெளியே நீளும். கல்லிலோ வேரிலோ பட்டால் உள்ளே மடங்கிக்கொள்ளும். எடை குறைவு என்பதால் மோட்டாருக்கு மின்சாரமும் கொஞ்சமே போதும். 1995-இல் ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் சூரிய ஒளியிலேயே ஓடும் ரோபோ புல்வெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவர முடிந்தது என்பதிலிருந்தே, இந்த வேலைக்கு எவ்வளவு குறைந்த மின்சாரம் போதும் என்று தெரிந்துகொள்ளலாம். இன்று 500 சதுர மீட்டர் வரையிலான புல்வெளிக்கு மாதம் ஏறத்தாழ 5 முதல் 10 யூனிட் செலவாகும். சத்தம் 60 டெசிபல் பக்கம். இருவர் பேசிக்கொள்ளும் அளவு.

வெட்டிய துணுக்குகளை இது சேகரிப்பதில்லை, அப்படியே புல்லின் அடியில் விழவிடும். அவை பொடிப்பொடியாக இருப்பதால் சில நாளில் மட்கிவிடும். புல்லுக்குத் தேவையான தழைச்சத்தில் கால் பங்கு வரை இப்படித் திரும்பக் கிடைக்கும், அந்த அளவுக்கு உரத்தைக் குறைக்கலாம். துணுக்குகள் திட்டுத்திட்டாக மேலே கிடந்தால், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்று பொருள். ஓடும் நேரத்தைக் கூட்டுங்கள்.

முதல் வாரத்தில் பலருக்குப் பதற்றம் வரும். இந்த ரகம் நேர்வரிசையில் போகாது. எல்லையில் முட்டி, ஏதோ ஒரு கோணத்தில் திரும்பி, குறுக்கும் நெடுக்குமாக அலையும். ஓரிடம் இரண்டு முறை சீவப்பட்டிருக்கும், பக்கத்தில் ஒரு திட்டு அப்படியே நிற்கும். மூன்று வாரம் பொறுத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்குள் எல்லா இடமும் சமமாகி, புல் பக்கவாட்டில் கிளைத்து அடர்த்தியாகத் தொடங்கும்.

எந்த அளவு வாங்குவது

பெட்டியின்மேல் போட்டிருக்கும் பரப்பளவை அப்படியே நம்பக் கூடாது. 1000 சதுர மீட்டர் என்று இருந்தால், அது பெரும்பாலும் இரவு பகலாக 24 மணி நேரமும் ஓடுவதாகவும், தரை சமமாக, நடுவே மரமோ பாத்தியோ இல்லாமல் திறந்து கிடப்பதாகவும் வைத்துப் போட்ட கணக்கு. சார்ஜ் ஏறும் நேரத்தையும் சேர்த்து மணிக்குச் சுமார் 42 சதுர மீட்டர். காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் ஓடவிட்டால் 420 சதுர மீட்டரைத்தான் அது தாங்கும். மரங்களும் குறுகிய சந்தும் உள்ள தோட்டமென்றால் இன்னும் குறையும். கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரிவுக்கும் இதே எச்சரிக்கை. அதைச் சதவீதத்தில் போடுவார்கள். டிகிரி என்று எண்ணிவிடக் கூடாது. 35 சதவீதம் என்றால் 1 மீட்டருக்கு 35 செ.மீ. ஏற்றம், டிகிரியில் 19-தான். 1 மீட்டர் நீளக் கட்டையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கத்தில் ஊன்றி, ரசமட்டம் வைத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் எத்தனை செ.மீ. இடைவெளியோ அதுவே சதவீதம். எல்லை வயர் போகும் ஓரம் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால், ஈரநாளில் இயந்திரம் சறுக்கி வயரைத் தாண்டி வெளியே போய் நின்றுவிடும். அங்கே வயரை மேட்டுப் பக்கமாக நகர்த்திப் போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

வயர் போடுவது

சார்ஜிங் ஸ்டேஷனில் தொடங்கி, புல்வெளியைச் சுற்றி வந்து, அதே ஸ்டேஷனில் முடியும் ஒற்றை வயர் இது. மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் துடிப்பு துடிப்பாக மின்னோட்டம் போகும். அது உண்டாக்கும் காந்தப்புலத்தை இயந்திரத்தின் சென்சார்கள் உணரும். வளையத்துக்கு உள்ளே இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்பதை இதை வைத்துத்தான் அது அறியும். ஆகவே வயர் போட்டதில் உள்ள பிழை ஒவ்வொன்றும் பிறகு இயந்திரத்தின் பிழையாகத் தெரியும். திருப்பிக் கொடுக்கப்படும் பல இயந்திரங்களில் உண்மையான கோளாறு வயரில்தான் இருக்கும் என்பதால் இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

முதலில் வயர் போகும் பாதையில் புல்லை ஒட்ட வெட்டிவிட வேண்டும். சுவரோரம் என்றால் 30 முதல் 35 செ.மீ. தள்ளி, புல்லோடு சமமாக இருக்கும் நடைபாதை ஓரம் என்றால் 10 செ.மீ. தள்ளி. மாடலுக்கு மாடல் சிறிது மாறும் என்பதால் பெட்டியோடு வரும் அளவுக்கட்டையைப் பயன்படுத்துங்கள். நேரான இடத்தில் 75 செ.மீ.க்கு ஒரு முளை, மேடுபள்ளத்தில் அதைவிட நெருக்கமாக. வயர் எங்கேயும் தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் இயந்திரமே தன் வயரை வெட்டிக்கொள்ளும். மூலையில் 90 டிகிரியில் ஒடித்துத் திருப்பாமல் இரண்டு 45 டிகிரித் திருப்பமாகவோ வளைவாகவோ கொண்டுபோங்கள்.

நடுவில் உள்ள பூப்பாத்தியை ஒதுக்க வேண்டுமானால், எல்லையிலிருந்து வயரைப் பாத்திக்குக் கொண்டுபோய், சுற்றி, போன வழியிலேயே ஒட்டினாற்போல் திரும்பக் கொண்டுவர வேண்டும். போகும் வயரிலும் வரும் வயரிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் ஒன்றையொன்று அழித்துவிடும். இயந்திரம் அதைக் கவனிக்காமல் கடந்து போகும். இரண்டுக்கும் நடுவே சில செ.மீ. இடைவெளி விட்டாலும் அங்கே கண்ணுக்குத் தெரியாத சுவர் எழும்பிவிடும். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு விதி: எல்லையோரமாக வயரை இழுத்துப் போகும்போது புல்வெளி உங்களுக்கு வலப்பக்கம் இருந்தால், பாத்தியைச் சுற்றும்போதும் புல்வெளி வலப்பக்கமே இருக்க வேண்டும். வயர் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறக் கூடாது. ஏறினால் உள்ளே வெளியே என்பது தலைகீழாகி, இயந்திரம் பாத்திக்குள் நுழைந்துவிடும்.

மிஞ்சிய வயரைச் சுருட்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் வைப்பது பெரிய தவறு. சுருள் தனியாக ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி சென்சாரைக் குழப்பும். வெட்டி எடுத்துவிடுங்கள். இணைக்க வேண்டிய இடத்தில் வயரை முறுக்கி டேப் சுற்றினால் ஆறு மாதம்கூடத் தாங்காது, ஈரம் ஏறிச் செம்பு பச்சை பூத்துவிடும். உள்ளே கிரீஸ் போன்ற ஜெல் நிரப்பிய கனெக்டர்தான் சரி.

வயரை மண்ணுக்குள் புதைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். புதைக்கலாம், 5 செ.மீ. போதும், மிக ஆழமாகப் போனால் சிக்னல் பலவீனமாகும். ஆனால் முதல் நாளே புதைக்க வேண்டாம். முதல் மாதத்தில் பாதையை மூன்று நான்கு இடத்திலாவது மாற்ற வேண்டி வரும். முளையடித்து மேலே விட்டால் சில வாரத்தில் புல்லே மூடிவிடும். மண்ணைத் துளையிட்டுக் காற்றோட்டம் கொடுக்கும் வழக்கம் உள்ளவர்கள் மட்டும், பாதை உறுதியான பிறகு புதைத்துக்கொள்ளலாம்.

ஸ்டேஷன் சமதரையில், முடிந்தால் நிழலில், தண்ணீர் தேங்காத இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் 2 முதல் 3 மீட்டர் தடையில்லாத நேர்பாதை வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் கோணலாக வந்து மோதி சார்ஜ் முனையைத் தவறவிடும். அடாப்டரைத் தரையில் போடாமல் சுவரில் ஓரடி உயரத்தில் மாட்டுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு

முதலில் சாதாரணப் புல்வெட்டியால் ஒருமுறை வெட்டிவிட்டு, ரோபோவை 60 மி.மீ. உயரத்தில் வைத்துத் தொடங்குங்கள். வாரத்துக்கு 5 மி.மீ. வீதம் இறக்கி 35 அல்லது 40-இல் நிறுத்தலாம். ஒரே வெட்டில் புல்லின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது எல்லாப் புல்வெளிக்கும் பொதுவான விதி. கடும் வெயில் காலத்தில் 10 மி.மீ. உயர்த்திவிட்டால் வேர் காயாது.

பிளேடு 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், மணல் பாங்கான மண்ணில் இன்னும் சீக்கிரம். மழுங்கியதற்கு அடையாளம் புல்லின் நுனியில் தெரியும்: நறுக்கென்று வெட்டுப்படாமல் நார்நாராகக் கிழிந்து, மறுநாள் வெளுத்துப்போகும். தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளியே சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். மாற்றும்போது மெயின் சுவிட்சை அணைத்து, தடித்த கையுறை போட்டு, மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் தட்டின் சமநிலை கெட்டு, அதிர்வில் பேரிங் தேயும். ஸ்க்ரூவும் புதிதாக இருக்கட்டும். தேய்ந்த ஸ்க்ரூ ஓடும்போது கழன்றால் பிளேடு தெறித்து வரும். வேறு கம்பெனி பிளேடு வாங்கலாம், ஆனால் எடையும் தடிமனும் அசல் அளவிலேயே இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அடியைப் பார்த்து, பிளேடு தடையில்லாமல் ஆடுகிறதா என்று தட்டிப் பாருங்கள். புல்சாறு காய்ந்து ஒட்டினால் அவை மடங்காமல் விறைத்தே நிற்கும். கல்லில் பட்டால் உடையும்.

கழுவுவதற்குக் காய்ந்த பிரஷ்ஷே நல்லது. கையேட்டில் வெளிப்படையாக அனுமதித்திருந்தால் மட்டும் குழாய்த் தண்ணீர். பிரஷர் வாஷர் எந்த மாடலுக்கும் ஆகாது.

அடிக்கடி வரும் கோளாறுகள் சிலவே. சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் தொடுமுனைகளைப் பாருங்கள். கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும். ஸ்டேஷன் அருகே சக்கரத் தடம் பள்ளமாகிறது என்றால் இயந்திரம் வயர் மேலேயே ஒரே தடத்தில் திரும்பி வருகிறது. செட்டிங்கில் பாதை அகலத்தைக் கூட்டினால் ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளி வரும். எப்போதும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறதா? அங்கே முன்சக்கரம் இறங்கும் பள்ளமோ மேலே தெரியும் வேரோ இருக்கும். மண் போட்டு நிரவுங்கள்.

வயர் அறுந்தால் ஸ்டேஷன் விளக்கு காட்டும், எங்கே என்று காட்டாது. முதலில் ஸ்டேஷனில் உள்ள இரு முனைகளையும் கழற்றிச் சுரண்டி மாட்டிப் பாருங்கள். பிறகு பாதிப்பாதியாகப் பிரித்துத் தேடுவதுதான் வழி. வளையத்தின் நடுவில் உள்ள இணைப்பைக் கழற்றி, ஸ்டேஷனின் வலது முனையிலிருந்து தனி வயரொன்றை அங்கே கொண்டுவந்து இடப்பாதியோடு சேருங்கள். விளக்கு சரியானால் இடப்பாதி நல்லது, அறுந்தது வலப்பாதியில். அதையும் இரண்டாகப் பிரித்துத் தேடிக்கொண்டே போனால் நான்கைந்து முறையில் சில மீட்டருக்குள் வந்துவிடலாம். இதற்காகவே வயர் போடும்போது நடுவில் ஓர் இணைப்பு வைத்து, இடத்தைக் குறித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இடி மின்னல் நேரத்தில் அடாப்டரை மட்டும் பிடுங்கினால் போதாது. நீண்ட வயர் வளையம் ஆன்டெனா மாதிரி வேலை செய்து ஸ்டேஷனின் போர்டை எரித்துவிடும். எல்லை வயரின் இரு முனைகளையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள்.

இரவில் ஓடவிடக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். முள்ளெலி, தவளை போன்றவை நடமாடுவது இருட்டில்தான். முள்ளெலி ஆபத்து என்றால் ஓடாது, சுருண்டு அங்கேயே கிடக்கும். பிளேடு அதைக் கொன்றுவிடும். பொழுது சாயும் முன்பே நிறுத்திவிடுங்கள். தூக்கினால் பிளேடு நிற்கும் சென்சார் இருக்கிறது என்றாலும், குழந்தைகள் புல்லில் விளையாடும் நேரத்தில் இயந்திரம் ஸ்டேஷனில்தான் இருக்க வேண்டும்.

வயர் இல்லாத ரகம்

செயற்கைக்கோள் சிக்னலையும், தோட்டத்தில் நடும் ஒரு தள ஆன்டெனாவையும் வைத்துச் சில செ.மீ. துல்லியத்தில் ஓடுபவை இவை. நேர்வரிசையில் வெட்டும், எல்லையை ஆப்பில் வரைந்துவிடலாம். வானம் திறந்திருக்கும் பெரிய புல்வெளி என்றால் தயங்காமல் இதை வாங்குங்கள். உயர்ந்த சுவருக்கும் அடர்ந்த மரத்துக்கும் நடுவே அகப்பட்டால் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, இயந்திரம் தன் இடத்தையே தவறாகக் கணக்கிடும். கேமராவோ லேசர் சென்சாரோ சேர்த்த மாடல்கள் இதை ஓரளவு சமாளிக்கின்றன. நிழல் மிகுந்த சிறு தோட்டத்துக்கு இன்னும் வயர்தான் நம்பகமானது.

எந்த ரகமானாலும் சுவரோரத்தில் ஒரு சாண் புல் வெட்டப்படாமல் நிற்கும், அதற்கு டிரிம்மர் தனியாக வேண்டும். சுவரை ஒட்டிப் புல்லோடு சமமாக ஒரு வரிசைக் கல் பதித்து, சக்கரம் அதன்மேல் ஓடும்படி செய்தால் அந்த வேலையும் பெருமளவு குறையும். இயந்திரத்தோடு ஒரு டஜன் பிளேடு, ஸ்க்ரூ, ஐந்தாறு ஜெல் கனெக்டர், 20 மீட்டர் கூடுதல் வயர் ஆகியவற்றையும் அன்றைக்கே சேர்த்து வாங்கி வையுங்கள்.