அட்டைக்கு வந்த ஆயிரம், வார்டுக்கு வந்த சோறு

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது, வேலை போனவர்களுக்குச் சோறு போட தமிழ்நாடும் கேரளாவும் வேறு வேறு வழி பிடித்தன.

தமிழ்நாட்டுக்குக் கைகொடுத்தது ரேஷன் கடை. எல்லாருக்குமான பொது விநியோகம் என்பதால் புதிதாகக் கணக்கெடுக்கும் வேலையே இல்லை. டோக்கன் கொடுத்தார்கள், ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், கூடவே இலவசமாக அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய். வேகத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. சென்னையில் 2013 முதல் நடக்கும் அம்மா உணவகங்களும் கொஞ்ச காலம் காசு வாங்காமல் சோறு போட்டன.

சரி, அட்டை இல்லாதவர்? வெளிமாநிலக் கட்டடத் தொழிலாளி? வரிசையில் நிற்க முடியாத, துணைக்கு ஆளில்லாத கிழவி? இங்கேதான் கேரளா முந்துகிறது. 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியதிலிருந்து அங்கே மாநிலத் திட்ட நிதியில் கணிசமான பங்கு உள்ளாட்சிகளுக்குப் போகிறது. கையில் காசும் பழக்கமும் இருந்ததால், அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் குடும்பஸ்ரீ என்ற அரசு சுயஉதவிக் குழு அமைப்பின் பெண்களை வைத்து சமூக சமையலறைகளைத் திறந்துவிட்டன. வழியில்லாதவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்குச் சாப்பாடு 20 ரூபாய். பொட்டலம் வீடு தேடியும் போனது. யார் வீட்டில் உலை கொதிக்கவில்லை என்று வார்டு மெம்பருக்குத் தெரியும்.

நம் நகரங்களில் அப்போது அந்த மெம்பரே இல்லை. 2016-ல் பதவிக்காலம் முடிந்த மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. கிராமங்களில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் முடிந்திருந்தாலும், ஜெயித்தவர்கள் பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2020 மே மாதம் கொரோனா பரவலால் சென்னை கோயம்பேடு சந்தை மூடப்பட்டு காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. செப்டம்பர் கடைசியில்தான் திரும்பி வந்தது. கவுன்சிலர்கள் இருந்திருந்தாலும் சந்தையை மூடியிருப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிழைப்பு போன சுமைதூக்கிகளும் தள்ளுவண்டிக்காரர்களும் போய் மல்லுக்கட்ட ஒரு வீட்டு வாசலாவது இருந்திருக்கும்.

முதல் மாதத்துக்கு நம் வழி, அதற்கப்புறம் கேரள வழி என்பது என் கணக்கு. அதற்காக அவர்கள் வழி செலவில்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். 20 ரூபாய்ச் சாப்பாட்டுக்காக வந்த ஜனகீய ஹோட்டல்களுக்கு மாநில அரசு தரவேண்டிய மானியம் பாக்கி விழுந்தது. 2023-ல் மானியத்தையே நிறுத்திவிட்டார்கள். கடனைச் சுமந்தது அடுப்படியில் நின்ற குடும்பஸ்ரீ பெண்கள்தான்.