நாக்அவுட் சுண்டெலியா, சாதா விஸ்டாரா?

ராயபுரத்திலோ வேப்பேரியிலோ ஆராய்ச்சிப் படிப்பில் சேரும் பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மரபணுவை வேண்டுமென்றே நீக்கிய சுண்டெலியை (அதுதான் நாக்அவுட்) வரவழைப்பதா, மாதவரம் பால்பண்ணையில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பிரிவில் வாங்கும், மரபணு மாற்றாத விஸ்டார் என்ற வெள்ளை ஆய்வக எலியே போதுமா? பதில் பெரும்பாலும் கையிருப்பைப் பார்த்துத்தான் வருகிறது. பணம் இருந்தால் நாக்அவுட், இல்லாவிட்டால் விஸ்டார். நாக்அவுட் இருந்தால்தான் பெரிய இதழில் கட்டுரை வரும் என்ற நினைப்பு வேறு. என்னைக் கேட்டால், எந்த நோயை ஆராயப் போகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உதாரணத்துக்கு வெளியே போக வேண்டாம், வடசென்னையின் நோய்களே போதும்.

எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீரில் நடந்தவருக்கு அடுத்த வாரம் காய்ச்சல் வந்தால், டாக்டர் மனதில் ஓடும் பெயர்களில் இதுவும் ஒன்று. லெப்டோஸ்பைரா கிருமி எலி, பெருச்சாளியின் சிறுநீரகத்தில் குடியிருந்து சிறுநீரோடு வெளியே வருகிறது. சுமக்கும் எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகவே கிருமி எப்படித் தங்குகிறது என்று பார்க்க எலி சரியான விலங்கு. மனிதனுக்கு வரும் மஞ்சள் காமாலையையும் சிறுநீரகச் செயலிழப்பையும் பார்க்க அது உதவாது.

சரி, சுண்டெலிக்குப் போவோம் என்றால், ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் பிளாக் 6 வகையும் இந்தக் கிருமியைச் சமாளித்துவிடுகிறது. காரணம் சுவாரசியமானது. டிஎல்ஆர்4 என்ற புரதம் உடலின் காவல்காரர்களில் ஒருவர். சுண்டெலியின் டிஎல்ஆர்4 இந்தக் கிருமியின் மேலுறையை அடையாளம் கண்டு எச்சரிக்கை கொடுக்கிறது, மனிதனின் டிஎல்ஆர்4 அதைக் கண்டுகொள்வதில்லை. அப்படியானால் அந்த மரபணுவை நீக்கிய நாக்அவுட்தான் வழி என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். சி3எச்/ஹெச்இஜே என்ற சுண்டெலி வகையில் இதே மரபணுவில் தானாகவே ஒரு பிழை விழுந்திருக்கிறது. 1998-இல் இதைக் கண்டுபிடித்த புரூஸ் பாய்ட்லருக்கு 2011 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. யாரும் கை வைக்காத இந்தச் சுண்டெலிக்கு எலிக்காய்ச்சல் நன்றாகவே வருகிறது. ஹாம்ஸ்டர் என்ற குட்டை வால் கொறிவிலங்குக்கோ அந்த மரபணுப் பிழையும் தேவையில்லை, கிருமி ஏறினால் கடுமையாக நோயுற்று ஓரிரு வாரத்தில் செத்துவிடும். தடுப்பூசியைச் சோதிக்க நான் ஹாம்ஸ்டரைத்தான் சொல்வேன். ஒரே குறை, நோய் எதிர்ப்பு செல்களை அடையாளம் காண உதவும் ஆன்டிபாடிகள் ஹாம்ஸ்டருக்குச் சந்தையில் குறைவு. நோய் எதிர்ப்பின் உள்விவரம் வேண்டுமென்றால் சுண்டெலிக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

சாதா, மரபணு மாற்றியது என்ற இரண்டுக்கும் நடுவில், இயற்கையே பிழை செய்து வைத்த மூன்றாவது வரிசை ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தேடிப் பார்ப்பதே இல்லை.

காசநோயிலும் இதே கதைதான். மனித நுரையீரலில் திசு செத்துக் கட்டியாகி, பிறகு அது குழியாகும். மருந்து அந்தக் கட்டிக்குள் நுழைகிறதா என்பதுதான் சிகிச்சையில் பெரிய கேள்வி. பிளாக் 6, பால்ப்-சி என்ற இரண்டு சாதா சுண்டெலி வகைகளிலும் அந்த மாதிரிக் கட்டி வருவதில்லை. அவற்றில் ஜெயித்த மருந்து மனிதனிடம் தடுமாறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சி3ஹெச்இபி/எஃப்இஜே என்ற வகையில் கட்டி வருகிறது, அதுவும் இயற்கையான மரபணு வேறுபாட்டால். (மேலே சொன்ன சி3எச்சுக்கு இது சொந்தக்காரன்தான், ஆனால் இதன் டிஎல்ஆர்4 ஒழுங்காக இருக்கிறது. பெயரை மாற்றி ஆர்டர் போட்டால் தீர்ந்தது.) 1882-இல் ராபர்ட் காக் பயன்படுத்திய கினி பன்றியும் இன்னும் களத்தில் இருக்கிறது.

நாக்அவுட் இங்கே எதில் ஜெயித்தது? 1993-இல் காமா இன்டர்ஃபெரான் என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்குக் காசநோய்க் கிருமியைக் கொடுத்தபோது அவற்றால் தாங்க முடியாமல் வேகமாகச் செத்தன. இந்த நோயை அடக்கி வைப்பதில் அந்த ஒரு மூலக்கூறு எவ்வளவு முக்கியம் என்பது அதில்தான் பளிச்சென்று தெரிந்தது. விஸ்டாரை வைத்து ஆயுள் முழுக்க உழைத்தாலும் அப்படி ஒரு பதில் கிடைத்திருக்காது. ஒரே ஒரு மரபணு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி என்றால் நாக்அவுட்டுக்குப் போட்டியே இல்லை. அந்த நுட்பத்துக்காகத்தான் கேப்பெக்கி, எவன்ஸ், ஸ்மிதீஸ் மூவருக்கும் 2007-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சாதா சுண்டெலியைச் சரியாகத் தொற்றாத நோய்களிலும் வேறு வழி குறைவு. டெங்குவுக்கு ஏஜி129 என்ற சுண்டெலியைப் பயன்படுத்துகிறார்கள். அதில் இரண்டு வித இன்டர்ஃபெரான் ஏற்பிகளையும் நீக்கியிருப்பார்கள், வைரஸ் பெருகும். ஆனால் நோய் எதிர்ப்பில் பாதியை எடுத்துவிட்ட உடம்பில் தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், வரும் பதிலை ஒரு சிட்டிகை சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கொரோனாவின் முதல் வடிவம் சுண்டெலியின் செல்லுக்குள் நுழைய முடியவில்லை. மனிதனின் ஏசிஇ2 ஏற்பியைப் புகுத்திய கே18 சுண்டெலி, 2007-லேயே சார்ஸுக்காக உருவாக்கியது, அப்போது கைகொடுத்தது. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு மூளை வரை தொற்று ஏறி, அவை செத்தன. மனித நோயின் போக்கு அதுவல்ல. மரபணு மாற்றாத ஹாம்ஸ்டருக்கு நிமோனியா வந்து, பெரும்பாலும் தேறியும் விட்டது.

சர்க்கரை நோய்தான் நம் மாணவர்களின் செல்லப் பிள்ளை. விஸ்டாருக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு, மூலிகைச் சாறு கொடுத்து, சர்க்கரை குறைந்தது என்று எழுதப்பட்ட ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. அந்த ஊசி இன்சுலின் சுரக்கும் செல்களையே கொல்கிறது. உடம்பு பெருத்து, இன்சுலின் இருந்தும் வேலை செய்யாமல் அவதிப்படும் வண்ணாரப்பேட்டைக்காரரின் நோய் வேறு. கொழுப்புத் தீவனம் கொடுத்து, பிறகு குறைந்த அளவு ஊசி போடுவது கொஞ்சம் பக்கத்தில் வரும். டிபி/டிபி என்ற பருமன் சுண்டெலி வாங்கினால் சரியாகிவிடுமா? அதற்குப் பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனின் ஏற்பி பழுது, நம் நோயாளிகளில் அது மிக அரிது. இதுவும் இயற்கைப் பிழைதான், நாக்அவுட் இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கூடத்தில் தானாகத் தோன்றிய பருமன் எலி வகையும் உண்டு. இந்தியாவிலேயே இருப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் மனக்குறை.

செலவு என்றால் எல்லோரும் வாங்கும் விலையைத்தான் பார்க்கிறார்கள். உண்மையான செலவு இனப்பெருக்கத்தில் இருக்கிறது. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் மாற்றம் உள்ள ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் குட்டிகளில் நான்கில் ஒன்றுதான் முழு நாக்அவுட். 40 வேண்டுமென்றால் ஏறக்குறைய 160 குட்டிகள் பிறக்க வேண்டும், ஆண் மட்டும் போதுமென்றால் 320. ஒவ்வொன்றுக்கும் காதிலோ வாலிலோ துளி எடுத்து, மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனை போட வேண்டும். கணிசமான மரபணுக்களில், நீக்கினால் குட்டி பிறக்கவே பிறக்காது. விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி இரண்டு தரப்புக்கும் பொது. மரபணு மாற்றியதற்கு மத்திய அரசின் 1989 விதிகளின்படி உயிரியல் பாதுகாப்புக் குழுவும் பார்க்க வேண்டும். நோய் எதிர்ப்பு குறைந்த சுண்டெலிக்குத் தனிக் காற்றோட்டக் கூண்டு, நிற்காத மின்சாரம் என்று பட்டியல் நீளும். டிசம்பர் மழையில் தெரு முழுக்கத் தண்ணீரும், சாக்கடையிலிருந்து ஏறி வரும் பெருச்சாளியும் இருக்கும் ஊரில் இதைச் சுலபம் என்று சொல்ல மாட்டேன்.

விஸ்டாரின் பக்கம் ஒரு சாதாரண லாபம் உண்டு. அதில் ரத்தம் அதிகம். 25 கிராம் சுண்டெலியின் மொத்த ரத்தமே 2 மில்லிக்குள்தான். 250 கிராம் எலியிடம் 16 மில்லி அளவுக்கு இருக்கும். ஒரே விலங்கில் பலமுறை ரத்தம் எடுத்து மருந்தின் அளவைத் தொடர வேண்டுமானால் எலிதான்.

மரபணு மாற்றியதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஒப்பீட்டு விலங்கை வெளியே தனியாக வாங்காதீர்கள். அதே ஈற்றில் மாற்றமில்லாமல் பிறந்த கூடப்பிறப்பையே வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எப்போதும் போதாது. அழற்சியைத் தூண்டும் கேஸ்பேஸ்-1 மரபணுவை நீக்கிய நாக்அவுட்டை வைத்துப் பல ஆண்டுகள் உலகமே ஆய்வு செய்தது. அந்தச் சுண்டெலியில் கேஸ்பேஸ்-11-உம் பழுது என்பது 2011-இல்தான் தெரிந்தது. அதை உருவாக்கப் பயன்பட்ட 129 என்ற வகையிலிருந்து அது கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்த இரண்டும் அருகருகே இருக்கும் மரபணுக்கள் என்பதால் கூடப்பிறப்பை வைத்திருந்தாலும் இது கண்ணில் படாமல் தப்பியிருக்கும். 129 வழி வந்த நாக்அவுட் என்றால் பக்கத்து மரபணுக்களையும் சோதிக்கத்தான் வேண்டும். சாதா வகையிலும் பிளாக் 6 என்று மட்டும் எழுதினால் போதாது. அதில் ஜே, என் என்று இரண்டு கிளைகள் உண்டு. ஜே கிளையில் என்என்டி என்ற மரபணு பழுது, அதனால் இன்சுலின் சுரப்பு குறையும். என் கிளையில் கண்ணின் விழித்திரையைக் கெடுக்கும் பிழை இருக்கிறது. சர்க்கரை ஆய்வுக்கும் கண் ஆய்வுக்கும் எது வந்திறங்கியது என்பதைக் கூண்டின் அட்டையில் முழுப் பெயரோடு எழுதி வையுங்கள்.