மூன்று வருஷமாக ஒரு மரக் கப்பலோடு: கயிறுதான் பிரச்சினை

போன வாரம் வீட்டுப் பூனை அலமாரியில் ஏறி நடுப் பாய்மரத்தைச் சாய்த்துவிட்டது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒட்டி முடித்த நேரம் பார்த்து, "அந்த மாடல் கப்பல் கிட் நானும் வாங்கலாமாடா?" என்று நண்பன் கேட்டான். விரலில் பசை காயாத எரிச்சலோடு எழுதுகிறேன், கொஞ்சம் சூடாக இருந்தால் பூனைதான் காரணம்.

கிட் ஒரு பொதுவான 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஃபிரிகேட், அதாவது வேகமாக ஓடும் பாய்மரப் போர்க்கப்பல். அளவு, துண்டுகள், விலை எல்லாம் எங்கேயும் கிடைக்கும், விட்டுவிடுகிறேன். பெட்டியில் கப்பலுக்குப் பெயர் இல்லை. நான் வைத்த பெயர் சான் ஃபியோரென்சோ, நிஜமாகவே இருந்த ஒரு கப்பலின் பெயர். அந்த நிஜக் கப்பல் 1782-இல் மினெர்வ் என்ற பெயரில் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்தது. 1794-இல் கோர்சிகாவில் ஆங்கிலேயர் கையில் சிக்கக்கூடாது என்று மாலுமிகளே அதை மூழ்கடித்தார்கள். ஆங்கிலேயர் விடவில்லை, கிளப்பி எடுத்து, அது மூழ்கிக் கிடந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். இந்தக் குசும்புக்காகவே அந்தப் பெயரைப் பின்பக்கம் கையால் எழுதினேன். மூன்று வருஷமாக அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

புது முதலாளிகளுக்கு அது நன்றாகவே உழைத்தது. 1797 மார்ச்சில் ப்ரெஸ்ட் துறைமுகத்துக்கு அருகில் நிம்ஃப் என்ற கப்பலோடு சேர்ந்து ரெசிஸ்டான்ஸ், கான்ஸ்டான்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்தது. நிம்ஃபும் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடித்ததுதான்! அதாவது பிரான்சில் கட்டிய இரண்டு கப்பல்கள் பிரான்சின் கப்பல்களையே மடக்கின. உடல் வடிவம் அவ்வளவு அழகு. கிட்டிலும் பலகைகள் வளைந்து உட்காரும் விதம் அருமை, அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

குறை கயிறு. கயிறு, கயிறு, கயிறு. பெட்டியோடு வரும் பருத்தி நூல் ஐப்பசி மழையில் விறைத்துப் பருமல்களை (பாய் தொங்கும் குறுக்குக் கட்டைகளை) இழுத்துக் கோணலாக்குகிறது, சித்திரையில் தொய்ந்து கொடிக்கம்பி மாதிரி தொங்குகிறது. வருஷத்துக்கு இரண்டு முறை அவிழ்த்துக் கட்டுகிறேன். நாகர்கோவில் காற்றுக்கு இது தாங்காது என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். நிஜக் கப்பலின் சணல் கயிறும் நனைந்தால் இறுகி, காய்ந்தால் தளரத்தான் செய்யும், நியாயமாகப் பார்த்தால் கிட் செய்தவர்களைத் திட்டக்கூடாது. ஆனால் அங்கே கட்டுவதற்கு இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள், இங்கே நான் ஒருத்தன்.

அப்புறம் ஒரு விஷயம் படித்தேன். 1808 மார்ச் 6 முதல் 8 வரை இந்தக் கப்பல் சண்டை போட்டது எங்கள் குமரி முனைக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடலில். எதிரி பியேமோன்தேஸ் என்ற பிரெஞ்சு ஃபிரிகேட். பிரெஞ்சு பீரங்கிக்காரர்கள் உடலை விட்டுப் பாய்மரங்களையும் கயிறுகளையும் குறிவைப்பவர்கள். இரண்டாம் நாள் சான் ஃபியோரென்சோவின் கயிறுகள் அறுந்து தொங்க, துரத்த முடியாமல் நின்று கட்டி முடித்துவிட்டு, மறுநாள் எட்டிப் பிடித்தார்கள். கேப்டன் ஹார்டிஞ்ச் அந்தக் கடைசி நாள் சண்டையில் செத்துப்போனார், லெப்டினன்ட் டாசன் முடித்து வைத்தார். ஆங்கிலேயர் பக்கம் 13 பேர், பிரெஞ்சுப் பக்கம் 48 பேர் இறந்தார்கள். பியேமோன்தேஸின் பாய்களை இழுக்க ஏறக்குறைய 200 லஸ்கர்கள், அதாவது நம் பக்கத்து ஆசிய மாலுமிகள், இருந்தார்கள் என்பதுதான் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. யாருடைய சண்டை, யாருடைய கை!

பிடிபட்ட பியேமோன்தேஸையும் கொழும்புக்குக் கொண்டுபோய், ஆங்கிலேயக் கடற்படையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். சான் ஃபியோரென்சோ வயதான பிறகு படை ஏற்றும் கப்பலாகி, கடைசியில் நோய்த் தடுப்புக் காவலுக்கு நிறுத்தப்பட்டு, 1837-இல் உடைக்கப்பட்டது. இதைப் படித்ததிலிருந்து கயிறு கட்டும்போது கோபம் பாதிதான் வருகிறது.

சரி, வாங்கலாமா? வாங்காதே. உன் வீட்டில் இரண்டு பூனை. இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் பெட்டியில் வரும் நூலை முதல் நாளே தூக்கிப் போட்டுவிட்டு பாலியெஸ்டர் நூல் வாங்கி வை. கொஞ்சம் பளபளக்கும், தேன்மெழுகு தடவினால் அடங்கிவிடும். என்னிடம் மீதி ஒரு கண்டு இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்.