கவட்டி அரிப்பு: எந்த டியூப், எப்போது?

தொடை இடுக்கில் வாரக்கணக்கில் அரித்தாலும் டாக்டரிடம் காட்டக் கூச்சம். மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்டு ஒரு டியூப் வாங்கி வருவோம். அந்த டியூபுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயமே.

பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கலவை க்ரீமையே முதலில் எடுத்துக்கொள்வோம். வேகத்தில் இதை அடிக்க ஆளில்லை. ஓரிரு நாளில் அரிப்பு அடங்கிவிடும். ஆனால் அடங்குவது அரிப்பு மட்டும்தான். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அமுக்குவதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும், படையின் விளிம்பும் உருவம் தெரியாமல் கலைந்துபோகும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பும்; மறுபடி அதே டியூபைத் தேடுவோம். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, தொடையில் வரிவரியாகத் தழும்பு விழும். என்னைக் கேட்டால் இது போட்டியிலேயே இருக்கக் கூடாது.

பூஞ்சை மருந்து மட்டும் உள்ள க்ரீமில் இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. டெர்பினாஃபைனை நாளுக்கு ஒரு முறை, 1 முதல் 2 வாரம் போட்டால் போதும். க்ளோட்ரிமசோலை நாளுக்கு 2 முறை, 2 முதல் 4 வாரம் போட வேண்டும். சிவந்த விளிம்போடு வளையமாகப் பரவி, நடுவில் தெளிந்து, விதைப்பையை விட்டுவைத்திருந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. அதற்கு டெர்பினாஃபைன் என் தேர்வு. பாதியில் விட்டுவிடும் சோம்பேறிகளுக்குக் குறைந்த நாள் மருந்துதான் தோது. விதைப்பையும் சேர்ந்து சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பருக்கள் இருந்தால் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையாக இருக்கலாம். அங்கே க்ளோட்ரிமசோல் முந்திக்கொள்ளும். அது திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையைப் பரிசோதிப்பது அவசியம்.

பவுடர் ஈரத்தை உறிஞ்சும், உரசலைக் குறைக்கும். வந்த படையை வெறும் பவுடர் ஆற்றாது.

படையே இல்லாமல் விதைப்பைத் தோல் மட்டும் தடித்து, இரவில் சொறியச் சொறிய இன்னும் அரித்தால் கதை வேறு. சோப்பு, கிருமிநாசினித் திரவம், வாசனை ஸ்ப்ரே, முன்பு போட்ட க்ரீம் எதுவும் காரணமாக இருக்கலாம். இங்கே பூஞ்சை மருந்தைவிட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் கழுவி, வாசனையில்லாத வாசலின் தடவுவது நல்ல தொடக்கம். ஸ்டீராய்டு தேவைப்பட்டால் லேசானதை டாக்டர் சொன்ன சில நாட்களுக்கு மட்டும். முன்கைத் தோலைவிட விதைப்பைத் தோல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் சுமார் 42 மடங்கு உறிஞ்சுவதாக 1967-லேயே அளந்திருக்கிறார்கள். கைக்குப் போடும் டியூபை அங்கே போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு விதைப்பை விடாமல் சிவந்து எரிவதும் உண்டு.

ஆண்குறியிலும் விதைப்பையிலும் அரிக்கும் சிறு முடிச்சுகள், விரல் இடுக்கிலும் அரிப்பு, வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார் என்றால் அது சிரங்குப் பூச்சி. மேலே சொன்ன எந்த டியூபும் உதவாது. பூச்சியைக் கொல்லும் 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீமைக் கழுத்துக்குக் கீழ் உடல் முழுக்கத் தடவி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் கழுவி, ஒரு வாரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும். மருந்து பலிக்கவில்லை என்று தினமும் பூசத் தொடங்கிவிடாதீர்கள்.

பாதத்தில் சேற்றுப்புண் இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்து போடுங்கள். ஜட்டியை மாட்டும்போது பாதத்துப் பூஞ்சைதான் மேலே ஏறி வருகிறது. காலுறையை முதலில் போட்டுவிட்டு ஜட்டி போட்டால் அந்தப் பாதை அடைபடும்.

2 வாரம் ஒழுங்காகப் போட்டும் குறையவில்லையா? டியூபை மாற்றாமல் தோல் டாக்டரிடம் போங்கள். செதிளைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆறாத புண், கட்டி, சீழ் இருந்தால் அந்த 2 வாரமும் காத்திருக்க வேண்டாம்.