காம்பவுண்ட் வில்லை ‘ஸ்பீட் ட்யூனிங்’ செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

போன ஜூன் மாதம், அம்பின் வேகத்தைக் கூட்டித் தரச் சொல்லி, என் காம்பவுண்ட் வில்லை (இரு நுனியிலும் சக்கரம் வைத்த வில்) வெளியூர்க் கடை ஒன்றுக்கு அனுப்பி, மொத்தம் 27,500 ரூபாய் கட்டினேன். ட்யூனிங் கூலி 4,500, புது நாணும் கேபிளும் 9,500, ஒரு டஜன் கார்பன் அம்பு 13,500. வில் வந்து மூன்றே வாரத்தில் மேல் லிம்பில் (வில்லின் வளையும் பட்டையில்) விரிசல். நாண் மாற்றியதாகப் பில் போட்டிருக்கிறார்கள், ஆனால் மாற்றவே இல்லை. கடைப் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஏமாற்றிய விதத்தை ஒன்று விடாமல் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை எந்தக் கடையிலும் யாருக்கும் செய்யலாம்.

என் வில்லின் டிரா வெயிட் (நாணை இழுக்க வேண்டிய விசை) 55 பவுண்டு, டிரா லெங்த் (இழுக்கும் நீளம்) 28 அங்குலம், அம்பின் எடை 350 கிரெயின். அம்பின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃபில் நொடிக்கு 268 அடி காட்டும். வில்லின் அட்டைப்பெட்டியில் 330 என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரே உறுத்தல். அந்த எண் 70 பவுண்டு, 30 அங்குலம், 350 கிரெயின் அம்பு என்ற கணக்கில் அளந்தது என்பதும், அமெரிக்காவில் தூரம் தெரியாமல் எய்யும் வேட்டைக்காரர்களுக்காக வந்த அளவு என்பதும் அப்போது என் மண்டையில் ஏறவில்லை. நாம் எய்வது 50 மீட்டர், தூரம் மாறாது, குறிபார்க்கும் சைட்டை ஒருமுறை வைத்துவிட்டால் போதும். வேகம் கூடினால் காற்றில் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

கடைக்காரர் போனில் “அண்ணா, 300ஐத் தாண்ட வைக்கிறேன், பாருங்க” என்றார். பத்து நாளில் வீடியோ வந்தது, திரையில் 309. நானும் சந்தோஷமாகப் பணம் அனுப்பிவிட்டேன்.

வில் வந்த முதல் நாளே நாண் முன்கையில் அடித்தது. ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட அப்படி அடித்ததில்லை. நங்கூரப் புள்ளி (நாணை இழுத்த கை வந்து நிற்கும் இடம்) தாடையைத் தாண்டிக் காதுப் பக்கம் போனது, நாணில் உள்ள குறிபார்க்கும் துளையான பீப்புக்குள் பார்க்கத் தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது. புது அமைப்பு, பழகிவிடும் என்று இரண்டு வாரம் எய்துகொண்டே இருந்தேன். அதுதான் பெரிய தப்பு. மூன்றாவது வாரம் கோச் என் முன்கையில் இருந்த நீலத் தழும்பைப் பார்த்துவிட்டு, “என்னப்பா இது, வில்லைக் கொண்டா” என்று வாங்கி, எடைக் கொக்கியில் மாட்டி இழுத்தார். 61.5 பவுண்டு! போட்டியில் 60க்கு மேல் போனால் கருவிப் பரிசோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் வில் நுனியில் இருக்கும் சக்கரமான கேமைக் காட்டினார். அதில் டிரா லெங்த்தை மாற்றும் மாட்யூலின் குறி இரண்டு எழுத்து நகர்ந்து, டிரா லெங்த் 29 ஆகியிருந்தது. வில்லை மெதுவாக இழுத்துப் பார்க்கும் டிரா போர்டில் வைத்து இழுத்தால் மேல் கேமின் ஸ்டாப் (இழுப்பை நிறுத்தும் முட்டு) கேபிளைத் தொட்ட பிறகும் கீழ் ஸ்டாப்புக்கு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டு கேமும் ஒரே நேரத்தில் முட்டுகின்றனவா என்று பார்ப்பதுதான் ட்யூனிங்கின் முதல் வேலை. அதைத் தொடக்கூட இல்லை.

அம்பை என் மச்சானின் நகைக்கடைத் தராசில் வைத்தேன். 18.5 கிராம், அதாவது 285 கிரெயின். ஒரு பவுண்டுக்குக் குறைந்தது 5 கிரெயின் என்பது பெரும்பாலான வில் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு, 61.5 பவுண்டுக்கு 307 கிரெயினாவது வேண்டும். அம்பு அதைவிட லேசாக இருந்தால், அம்பு எடுத்துக்கொள்ள வேண்டிய ஆற்றல் லிம்புக்கும் நாணுக்குமே திரும்பிப் போகும், அம்பே வைக்காமல் நாணை விடுவதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம். கோச் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து மேல் லிம்பின் நுனியில், கேமின் அச்சுக்குப் பக்கத்தில், மெதுவாகத் தேய்த்தார். இரண்டு இழை அங்கே சிக்கி நின்றது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். இழுத்த நிலையில் அது உடைந்திருந்தால் என் முகத்துக்குப் பக்கத்தில்தான் உடைந்திருக்கும். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

இப்போது 268இலிருந்து 309க்கு ஏறிய அந்த 41 அடியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறரை பவுண்டு கூட்டினால் தோராயமாக 12 அடி, ஓர் அங்குலம் நீட்டினால் 10 அடி, அம்பில் 65 கிரெயின் குறைத்தால் 20 அடி. ஆலன் கீ ஒன்று இருந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, அதுவும் என் உடம்புக்குப் பொருந்தாத அளவில்.

நாண் விஷயம் இதைவிட மோசம். பீப் நகர்ந்தால் தெரிய வேண்டும் என்று நாணில் வெள்ளி மார்க்கரால் இரண்டு புள்ளி வைத்திருந்தேன். ‘புது’ நாணில், பீப்பிலிருந்து ஒரு நகக்கண் தள்ளி, அதே இரண்டு புள்ளி. நடுவில் நூல் சுற்றை மட்டும் புதிதாகச் சுற்றி, மெழுகு தேய்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

போன் செய்தால், “லைட் அம்பு போட்டு அடிச்சது நீங்கதானே” என்கிறார். அந்த அம்பை விற்றதே அவர்தான். வில் கம்பெனியும் வாரண்டி தர மறுத்துவிட்டது.

யாரிடம் கொடுத்தாலும், கொடுக்கும் முன் டிரா வெயிட், டிரா லெங்த், பிரேஸ் ஹைட் (கைப்பிடியிலிருந்து நாண் வரை உள்ள தூரம்), அச்சுக்கு அச்சு நீளம், நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கேமையும் மாட்யூல் குறி தெரிகிற மாதிரி படம் எடுங்கள். நாணில் ஓர் அடையாளம் வையுங்கள். வேகத்தை உங்கள் அம்பிலேயே, உங்கள் அளவிலேயே, வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வில்லைத் திருப்பி வாங்கிவிடுங்கள். நேர்மையான ட்யூனிங்கில் வேகம் சில அடிதான் கூடும். நாண் நீண்டு போயிருந்தால் மாற்றுவது, கேம் இரண்டையும் சேர்த்து வைப்பது, நாணில் தேவையில்லாத கனத்தை எடுப்பது, அம்பின் இறகு ரெஸ்ட்டில் (அம்பைத் தாங்கும் பாகத்தில்) உரசாமல் பார்ப்பது, எல்லாம் இதற்குள் அடங்கும்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். லிம்ப் ஜோடி மாற்ற இன்னும் 16,000 ஆனது. கோச்சே புது நாண் மாட்டி, 28 அங்குலம், 55 பவுண்டுக்குத் திரும்ப வைத்து, கேமைச் சரிசெய்து கொடுத்தார். என் பழைய அம்பில் இப்போது 272 வருகிறது, கையில் நாண் அடிப்பதில்லை. கழற்றிய நாணையும் அந்த 12 அம்பையும் பில்லோடு சேர்த்துக் கட்டி, ஆதாரத்துக்காக அலமாரியில் வைத்திருக்கிறேன்.