கூப்பர் பிளாக்கா, அப்ரில் ஃபேட்ஃபேஸா: தடித்த செரிஃப் தலைப்புக்கு எது?

இரண்டும் தலைப்புக்கென்றே வரைந்த தடித்த ஆங்கில செரிஃப் எழுத்துருக்கள்; செரிஃப் என்பது எழுத்துக் கோட்டின் நுனியில் வரும் சிறு கட்டை. தடிமன் எங்கே குவிகிறது என்பதில்தான் வேறுபாடு.

ஆஸ்வால்ட் கூப்பரின் கூப்பர் பிளாக் 1922இல் சிகாகோவில் வெளியானது. செரிஃப் முனைகள் உருண்டிருக்கும், அடிப்பகுதிகூட லேசாக வளைந்திருக்கும். அதன் மிக மெல்லிய கோடே கனமானது. வெரோனிகா புரியனும் ஹோசே ஸ்காக்லியோனேயும் வடிவமைத்த அப்ரில் ஃபேட்ஃபேஸ், 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ், பிரெஞ்சு விளம்பரச் சுவரொட்டி எழுத்துகளை ஒட்டியது. தண்டு பருத்திருக்கும், இணைப்புக் கோடு மயிரிழைதான். அழகும் ஆபத்தும் அந்த இழையில்தான்.

அச்சுக்கு அனுப்பும் முன் அப்ரில் எழுத்தை அவுட்லைனாக்கி (எழுத்துருவை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி) அந்த இழையை அளந்துவிடுங்கள். அது எழுத்தளவில் நூற்றில் இரண்டு பங்கு என்றால், 24 பாயின்ட்டில் 0.48 பாயின்ட். வெள்ளைத் தாளில் கறுப்பு மை என்றால் ஆஃப்செட் அச்சில் தாக்குப்பிடிக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டால், சுற்றியுள்ள மை உள்ளே பரவி இழையை விழுங்கும். தலைப்பு துண்டு துண்டாக நிற்கும். கிராஃப்ட் என்ற பழுப்புத் தாளில் இது இன்னும் மோசம். வினைல் ஒட்டுத்தாள் வெட்டில் 1 மி.மீ.க்குக் குறைந்த கீற்று, வேண்டாத பகுதியை உரிக்கும்போதே கூடக் கிளம்பிவரும். அதே கணக்கில், எழுத்தளவு 50 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. டி-சட்டை, அட்டைப்பெட்டி, கடைக் கண்ணாடி மூன்றுக்கும் கூப்பர் பிளாக்தான் என் தேர்வு.

ஆனால் சிறிய அளவில் அதன் 'a', 'e' உட்கண்கள் (எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடங்கள்) அடைத்துக்கொள்ளும். முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால் மூச்சுமுட்டும். நகைக்கடை, பத்திரிகை அட்டை, மணவிழா அழைப்பிதழ் போன்றவற்றில் அதன் கொழுகொழு முகம் பொருந்தவே பொருந்தாது. அங்கே அப்ரிலுக்கு இணையில்லை.

இணையதளத்தில் அப்ரில் கெட்டுப்போக ஒரே பெரிய காரணம்: அதற்கு 400 என்ற ஒரே கனம்தான் (weight, தடிமனைக் குறிக்கும் எண்) உண்டு. தலைப்புக் குறிகளுக்குள் (h1, h2) உள்ள எழுத்தை உலாவி தானாகவே தடிமனாக்கும். அதற்கான கோப்பு இல்லாததால் போலித் தடிமன் பூசி இழைகளை மொத்தமாக்கிவிடும். CSS-இல் கனத்தை 400 என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் போதும்.

அப்ரில் திறந்த உரிமத்தில் இலவசம். கூப்பர் பிளாக்குக்கு உரிமம் வாங்க வேண்டும். அதற்குச் செலவிட முடியாதவர்கள் இலவசமான ஃபிரான்சஸ் எழுத்துருவைப் பார்க்கலாம்: கனம் 900, மென்மை அளவு (SOFT) 100 என்று வைத்தால் கூப்பரின் சாயல் நன்றாகவே வரும்.

இரண்டிலும் தமிழ் எழுத்து கிடையாது. கூப்பருக்குப் பக்கத்தில் வைக்கத் தமிழ் எழுத்துரு பலூ தம்பி 2, கனம் 800. அப்ரிலுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், கனம் 900. ஆங்கில வரி இடைவெளி 1.0 இருந்தாலும் தமிழ் வரிக்கு 1.3 கொடுங்கள்; இல்லையென்றால் மேல்வரியின் 'கூ', 'ழு' வால்கள் கீழ்வரியின் 'கி', 'றீ' மேல்வளைவுகளில் இடிக்கும்.