தூளா, பாட்டிலா, கட்டியா? வேலூர்த் தண்ணீரில் தலைக்குளியல் பொருள் செய்து வளர நினைப்பவர்களுக்கு

குறைந்த குப்பை, குறைந்த ரசாயனம் என்ற கொள்கையோடு வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் சிறிய அளவில் தலைக்குளியல் பொருள் செய்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஒரே கேள்விதான் வந்து நிற்கும்: எதைப் பெரிதாக்குவது? சீயக்காய்த் தூளையா, காலி பாட்டிலைத் திரும்ப வாங்கி நிரப்பித் தரும் ஷாம்புவையா, ஷாம்பு கட்டியையா? மூன்றுக்கும் சேர்த்து இயந்திரம் போட முதல் போதாது. நாங்கள் தேர்ந்தெடுத்தது கட்டி. ஆனால் கட்டி என்று விற்கப்படும் எல்லாமும் இந்த ஊருக்கு ஆகாது. ஆகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்.

பாலாற்றுப் படுகையில் தண்ணீரைத் தள்ளி வைத்துவிட்டு சுற்றுச்சூழல் பொறுப்பு பேச முடியாது. தோல் பதனிடும் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்டில், மாசுபடுத்தியவரே சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. அந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு லேபிளில் பச்சை இலை அச்சடிக்கிறோம் என்றால், ஒரு பொருள் எத்தனை லிட்டர் நீரை எடுக்கிறது, போர்வெல் நீரில் எப்படி நடந்துகொள்கிறது என்ற இரண்டுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

தூளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு 250 கிராம், வெந்தயம் 100, பூந்திக்கொட்டைத் தோல் 100, பூலாங்கிழங்கு 50 என்ற அளவு நன்றாக வேலை செய்யும். ஜவ்வாது மலைச் சீயக்காய் பக்கத்திலேயே கிடைக்கிறது. பொருளில் நீர் இல்லை என்பதால் கெடாமல் காக்கும் பொருளும் வேண்டாம். சீயக்காயின் நுரை உப்புத் தண்ணீரிலும் திரியாது. சிக்கல் வேறு இடங்களில் வரும். மிளகாய் அரைத்த மில்லில் அரைத்தால் அடுத்த நாளே புகார் வரும். தனி அரவை இயந்திரம் இல்லாமல் தூளைப் பெரிதாக்கக் கூடாது. 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் இறங்காத கரகரப்பு இருந்தால் முடியில் தங்கிவிடும். பயறு சேர்ந்திருப்பதால் ஐப்பசி, கார்த்திகையில் வண்டு விழும். அரைக்கும் முன் 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தினால் முட்டை சாகும். வெறும் காகித உறை ஈரம் இழுக்கும். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகித உறையோ காகிதமாகவும் மறுசுழற்சிக்குப் போகாது, பிளாஸ்டிக்காகவும் போகாது. தகர டப்பாதான் சரி, ஆனால் விலை ஏறும். வீட்டில் நிதானமாகக் குளிப்பவருக்குத் தூள் போதும். காலை எட்டு மணி வகுப்புக்கு ஓடும் காட்பாடி விடுதி மாணவரும், மருத்துவமனைக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவரும் அதை வாங்க மாட்டார்கள்.

திரும்ப நிரப்பும் பாட்டில் கேட்க நன்றாக இருக்கும். ஷாம்புவில் பெரும்பங்கு தண்ணீர் என்பது முதல் தடை. போர்வெல் நீரை அப்படியே ஊற்றினால் கலங்கும், ஷாம்புவின் கெட்டித்தன்மை தடவைக்குத் தடவை மாறும், ஆர்.ஓ. போட்டாக வேண்டும். நீர் இருந்தால் கிருமி வளரும். அதைத் தடுக்க சோடியம் பென்சோயேட் போடுவதானால் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 5.5-க்குக் கீழ் இருந்தால்தான் அது வேலை செய்யும். பிஎச் சற்று ஏறினாலும் பயனில்லை. இரண்டாவது தடை, திரும்பி வரும் பாட்டில். பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில், கழுவுவதற்கான கொதிக்கும் காஸ்டிக் சோடா நீரைத் தாங்காது, பழைய வாசனையும் போகாது. எனவே கண்ணாடி. 250 மில்லி பாட்டிலைக் கழுவியபின் மூன்று முறை நிரப்பி அலசினால் 750 மில்லி ஆர்.ஓ. நீர். சிறிய ஆர்.ஓ. இயந்திரம் பாதி நீரை வெளியே தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், கால் லிட்டர் பாட்டிலை அலசுவதற்கே நிலத்திலிருந்து எடுப்பது ஒன்றரை லிட்டர். காஸ்டிக் ஊறல் நீர் தனி. ஆர்.ஓ. தள்ளிய உப்பு நீரை எங்கே விடுவது? பிளாஸ்டிக்கைக் குறைக்கப் போய், இந்த மண்ணில் எது அரிதோ அதைச் செலவழிக்கிறோம்.

இனி கட்டி. ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் செய்து, நான்கு முதல் ஆறு வாரம் உலரவிடும் சோப்பு. மற்றது சின்டெட், சோப்பு அல்லாத நுரைப்பொருளை அழுத்திச் செய்வது. முதலாவதன் செலவு குறைவு, தேங்காயெண்ணெய் உள்ளூரிலேயே கிடைக்கிறது, ‘கையால் செய்தது’ என்று சொல்லவும் ஏற்றது. பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். வேலூரில் அதை ஷாம்பு என்று விற்று வளர முடியாது.

நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகும். குடிநீருக்கான இந்தியத் தரம், கடினத்தன்மை (இந்த இரண்டின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது. நடுவில் 400 என்று எடுத்துக்கொள்வோம். 10 லிட்டர் வாளியில் 4 கிராம் கடினத்தன்மை. அதை முழுக்கத் தின்று தீர்க்க ஏறத்தாழ 22 கிராம் சோப்பு வேண்டும். ஒரு தலைக்குளியலுக்குக் கட்டியிலிருந்து கரைவது 2 கிராம் என்று கொண்டால், அது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் கொஞ்சம் நுரை வரும். அலச ஊற்றும் ஒவ்வொரு சொம்பும் தலையிலுள்ள மிச்சச் சோப்பைப் பிசுக்காக்கி முடியிலேயே படியவைக்கும். முடி கயிறு மாதிரி ஆகிவிட்டது, சீப்பில் வெள்ளையாக ஒட்டுகிறது என்ற புகார்கள் இதனால்தான். வாங்கியவர் தண்ணீரைக் குறை சொல்ல மாட்டார், பொருளைத்தான் சொல்வார். இரண்டாவது கட்டி விற்காது.

எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், சேர்த்தால் சரியாகிவிடும் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. கிலோ எண்ணெய்க்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் போடுவது வழக்கம். அது 12.5 கிராம் காஸ்டிக்கைத் தின்னும். அந்த அளவு காஸ்டிக்கைக் கூடுதலாகப் போடாவிட்டால் எண்ணெய் மிஞ்சிக் கட்டி கொழகொழக்கும். கடையில் கிடைப்பது நீர் சேர்ந்த படிகமாக இருந்தால் 11.4 கிராம் போதும். மூட்டையில் எது என்று பார்த்து வாங்குங்கள். இத்தனை செய்தும், 2 கிராம் கட்டியில் வரும் சிட்ரேட் (அமிலமும் காஸ்டிக்கும் சேர்ந்து உருவாவது) ஒரு லிட்டர் நீரின் கால்சியத்தில் இருபதில் ஒரு பங்கைத்தான் பிடித்துவைக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீட்டில் இது உதவலாம். போர்வெல் நீரில் உதவாது. உடம்புக்கான சோப்பில் இதே பிசுக்கு வந்தாலும் தோலில் அவ்வளவு தெரியாது. எனவே அந்தச் சோப்பைக் குளியல் சோப்பாகவே விற்கலாம், நன்றாகவே போகும்.

சின்டெட் கட்டியில் இந்தப் பிசுக்கு இல்லை. அடிப்படைப் பொருள் சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட், தொழிலில் எஸ்.சி.ஐ. என்பார்கள். 1 கிலோ கலவைக்கு ஒரு நம்பகமான அளவு: எஸ்.சி.ஐ. 550 கிராம், 30 சதவீதக் கரைசலாக வரும் கோகமிடோப்ரோபைல் பீட்டைன் 120, சோள மாவு 130, சீட்டைல் ஆல்கஹால் 70, ஸ்டியரிக் அமிலம் 60, தேங்காயெண்ணெய் 30, சலித்த சீயக்காய்த் தூள் 20, வாசனை எண்ணெய் 10, கெடாமல் காக்கும் பீனாக்ஸி எத்தனால் 10. கடைசியில் சொன்னது 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நீரே இல்லையே, இது எதற்கு என்றால், பீட்டைனோடு நீர் வருகிறது.

எஸ்.சி.ஐ.யும் பீட்டைனும் வெந்நீர்த் தொட்டியில் 75 முதல் 80 டிகிரியில் பிசைந்த மாவுப் பதத்துக்கு வரவேண்டும். முழுதாக உருகும் என்று காத்திருந்தால் நீர் ஆவியாகிப் பிறகு கட்டி வெடிக்கும். தனியே உருக்கிய ஸ்டியரிக், சீட்டைல், எண்ணெயைச் சேர்த்து, மாவையும் சீயக்காயையும் பிசைந்து, 45 டிகிரிக்குக் கீழ் வந்ததும் வாசனையும் பீனாக்ஸி எத்தனாலும் போட்டு அச்சில் அழுத்த வேண்டும். ஒரு கிராமை 9 கிராம் ஆர்.ஓ. நீரில் கரைத்துப் பார்த்தால் பிஎச் 5-க்கும் 6-க்கும் இடையில் இருக்க வேண்டும். எஸ்.சி.ஐ. தூள் மூக்கை வாட்டும். முகக்கவசம் இல்லாமல் யாரையும் மூட்டை பிரிக்க விடாதீர்கள். சித்திரை, வைகாசியில் தேங்காயெண்ணெயில் 20 கிராமைக் குறைத்து ஸ்டியரிக்கில் கூட்டினால் கூரியர் வண்டியில் இளகாது. சீயக்காய்த் தூளை லேபிளுக்காக 5, 10 சதவீதம் ஏற்றுபவர்கள் உண்டு. ஈரக் குளியலறையில் அந்தக் கட்டிதான் முதலில் பூசணம் பிடிக்கும். நிகர எடையை இரண்டு, மூன்று நாள் உலர்ந்தபின் நிறுத்தே அச்சடிக்க வேண்டும்.

ஒரு கட்டி மூன்று பாட்டிலுக்குச் சமம் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம், போடவும் வேண்டாம். மேலே சொன்ன கலவையில் 80 கிராம் கட்டியில் உள்ள நுரைப்பொருள் 40 கிராம் அளவு (எஸ்.சி.ஐ. தூள் முழுதும் நுரைப்பொருள் அல்ல). 12 முதல் 15 சதவீதம் நுரைப்பொருள் உள்ள 250 மில்லி ஷாம்புவில் 30 முதல் 37 கிராம் இருக்கும். ஆக, ஒரு பாட்டிலுக்குச் சற்று மேல். அந்த உண்மையே போதுமான பலம்: 80 கிராம் கட்டியும் ஓர் அட்டைப்பெட்டியும் பயணிக்கின்றன, கால் லிட்டர் நீரும் கண்ணாடியும் பயணிக்கவில்லை.

கட்டியின் குறைகளும் சின்னதல்ல. எஸ்.சி.ஐ. உள்ளூர்ப் பொருள் அல்ல, விலையும் எண்ணெயைவிட நன்றாகவே அதிகம். ‘தேங்காயிலிருந்து’ என்று சொல்லி வருவது செம்பனைக்கொட்டை எண்ணெயாகவும் இருக்கலாம். விற்பவரிடம் மூலத்தை எழுத்தில் கேளுங்கள். துளை இல்லாத சோப்புத் தட்டில் வைத்தால் பத்து நாளில் கூழாகும், அதற்கும் பழி பொருளுக்குத்தான். எனவே பெட்டியின் உள்மடிப்பில் அதைப் பெரிய எழுத்தில் சொல்லிவிடுங்கள். சாயம் பூசிய முடியில் இதன் நடத்தை குறித்து எங்கள் அனுபவம் குறைவு. அப்படிக் கேட்பவருக்கு 10 கிராம் துண்டு கொடுத்துப் பார்க்கச் சொல்வதே நேர்மை. அதே 10 கிராம் அளவு லாட்ஜ்களுக்கும் பொருந்தும், காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் சாஷேவுக்கு எதிராக நிற்கிற ஒரே வடிவம் அதுதான்.

எதைச் செய்தாலும் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்கீழ் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் வேண்டும். முடி உதிர்வை நிறுத்தும் என்று அச்சடித்தால் பொருள் மருந்தின் கணக்கில் போய்விடும். அந்த வரியை விட்டுவிடுங்கள்.

இயந்திரம் வாங்கும் முன் உங்கள் வாடிக்கையாளர் வீட்டு நீரைச் சோதியுங்கள். நீரில் கரைந்தவற்றின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையைக் காட்டாது. சொட்டு விட்டு நிறம் மாறும் சோதனைக் கிட் தனியாகக் கிடைக்கிறது. குழாய் நீர், போர்வெல், லாரித் தண்ணீர் மூன்றிலும் பார்க்க வேண்டும். மூன்றிலும் கடினத்தன்மை மிகக் குறைவாக இருக்கும் ஊரில் விற்பதானால் எண்ணெய்ச் சோப்புக் கட்டியே போதும், எஸ்.சி.ஐ.க்குச் செலவிட வேண்டாம். திரவ ஷாம்புவுக்கும் ஓர் இடம் உண்டு: அழகு நிலையங்கள். 5 லிட்டர் கேன் அதே கடைக்கு, அதே வாசனையோடு திரும்பிப் போவதால் ஒவ்வொரு முறையும் காஸ்டிக்கில் ஊறவைக்க வேண்டியதில்லை. முழுதாகக் காலி செய்து, கேனையும் மூடியையும் கழுவி, காய்ந்தபின் நிரப்பி, நிரப்பிய தேதியைக் கேனிலேயே எழுதிவிட்டால் போதும்.